ஏழு கோடுகள், இரண்டு வரிசை

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 31. அரசுப் பள்ளி ஆசிரியை. நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மார்ச் மாதம் நாலு நாள் காய்ச்சல், கை மூட்டுகளில் நல்ல வலி. அது சரியாகி மூன்று வாரம் கழித்து இடது உள்ளங்கால் மரத்துப்போனது. ஐந்தாறு நாளில் மரமரப்பு இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. மார்புக்குக் கீழே துணியை முறுக்கிக் கட்டியதுபோல் இறுக்கம். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தில் ஒரு புள்ளி, மூளையில் இரண்டு சின்னப் புள்ளி என்றார்கள். ஐந்து நாள் ஸ்டீராய்டு போட்டார்கள். இப்போது நடக்கிறேன். உள்ளங்காலில் மட்டும் இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ஸ்டீராய்டு முடிந்த மறுநாள் முதுகில் நீர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஆலிகோகுளோனல் பேண்டுகள் காணப்படுகின்றன' என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய் என்று வருகிறது. ஒரு டாக்டர் உடனே ஊசி மருந்து தொடங்கலாம் என்கிறார், இன்னொருவர் பொறுங்கள் என்கிறார். புரோட்டீன் 52, பக்கத்தில் 'எச்' போட்டிருக்கிறது. ஆர்.பி.சி. 300 என்று இருக்கிறதே, மூளையில் ரத்தக் கசிவா? நீர் எடுத்தபின் நாலு நாள் உட்காரவே முடியாத தலைவலி. முதுகில் நீர் எடுத்தால் ஆயுசுக்கும் இடுப்பு போய்விடும் என்கிறார் என் மாமியார். எனக்கு எம்.எஸ். உறுதிதானா? ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நகலில் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் உள்ள வரியைத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், ஜெராக்ஸில் பாதி மங்கிப்போய் இன்னொரு வரி இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன். 'சீரத்திலும் சி.எஸ்.எஃப்.பிலும் ஒரே மாதிரியான ஏழு பேண்டுகள், டைப் 4.' அதற்கு மேலே 'ஐ.ஜி.ஜி. இண்டெக்ஸ் 0.56'. சீரம் என்பது ரத்தத்தின் தெளிந்த நீர், சி.எஸ்.எஃப். என்பது உங்கள் முதுகில் எடுத்த நீர்.

டைப் 4 என்பதை எம்.எஸ். நோய்க்கான பாசிட்டிவ் ரிப்போர்ட்டாக எந்த நரம்பியல் மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார். நெட்டில் நீங்கள் படித்த 'பேண்டு' வேறு, உங்களுக்கு வந்திருக்கும் பேண்டு வேறு. ஆகவே இன்றைய நிலையில் எம்.எஸ். உறுதி இல்லை. அதே சமயம் இந்த ஒரு தாளை வைத்து எம்.எஸ். இல்லவே இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்களைப் பயமுறுத்திய சின்ன எண்களை முடித்துவிடுவோம்.

செல்கள் 4, எல்லாம் லிம்போசைட் என்ற வெள்ளை அணு. ஐந்துவரை இருக்கலாம். எம்.எஸ். நோயாளிகளிலேயே பெரும்பாலோருக்கு இந்த எண் இயல்பாகத்தான் இருக்கும், சிலருக்குச் சற்றுக் கூடும். 50-ஐத் தாண்டினால் நாங்கள் எம்.எஸ். என்ற எண்ணத்தையே மறுபரிசீலனை செய்வோம். நம் ஊரில் இந்த எண்ணை நான் முதலில் பார்ப்பதற்குக் காரணம் காசநோய். டி.பி. மூளைக்காய்ச்சலில் செல்கள் நூறுகளில் இருக்கும், புரோட்டீன் எகிறும், சர்க்கரை இறங்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சாயல் இல்லை.

ஆர்.பி.சி. 300 ஊசியின் வேலை. நீர் எடுக்கும் வழியில் நுண்ணிய ரத்தக் குழாய் ஒன்றை ஊசி உரசினால் இவ்வளவு சிவப்பணுக்கள் வரும். மூளையில் கசிவு இருந்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும், அதுவும் முதல் குப்பிக்கும் கடைசிக் குப்பிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களுக்கு மூன்றாவது குப்பியில் 40 என்று குறித்திருக்கிறார்கள். குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதை மறந்துவிடுங்கள்.

புரோட்டீன் 52-க்கு மெஷின் 'எச்' போட்டதற்குக் காரணம், லேபின் கணக்கில் ஒரு டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் உச்சம். அந்த 45 பழைய கணக்கு. வயது கூடக்கூட இது இயல்பாகவே ஏறும். தண்டுவடத்தில் இப்போதுதான் ஒரு அழற்சி வந்துபோயிருக்கிறது, 52 இருப்பதில் வியப்பில்லை. 100-ஐத் தாண்டியிருந்தால்தான் நான் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு உட்கார்வேன்.

சர்க்கரை 71. இதற்கு உங்கள் லேப் 'எச்' எதுவும் போடவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல் இங்கேதான். முதுகு நீரில் இருக்கும் சர்க்கரையைத் தனியாகப் படிக்கக் கூடாது. அதே வேளையில் ரத்தத்தில் எவ்வளவு இருந்ததோ அதில் ஏறக்குறைய 60 சதவீதம் நீரில் இருக்க வேண்டும். ரத்தத்தில் 110 இருந்திருந்தால் 71 அருமையான எண். ஆனால் நீங்கள் அதற்கு முந்தைய நாள்வரை ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர். ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். அன்று ரத்தத்தில் 190 இருந்திருந்தால் 71 என்பது குறைவு. செல்கள் நாலுதான் என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இருந்தாலும் வார்டு சார்ட்டில் அன்று காலை விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இனி பேண்டுக்கு வருவோம்.

நம் உடம்பில் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் செல்கள் எண்ணற்ற வகை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு புரதத்தைச் செய்கிறது. சாதாரணமாக ரத்தத்திலோ முதுகு நீரிலோ இருக்கும் ஐ.ஜி.ஜி. என்ற வகை எதிர்ப்புப் புரதங்களை ஜெல் என்ற பசைப் படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் ஒரு மங்கலான தீற்றல்தான் தெரியும். தேர்க்கூட்டத்தின் இரைச்சல்போல, யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்தறிய முடியாது. அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர் மட்டும் சேர்ந்து ஒரே கோஷத்தை உரக்கப் போட்டால் அது தனியாகக் காதில் விழுமல்லவா? அதுபோல, சில குறிப்பிட்ட செல் வம்சங்கள் மட்டும் பெருகித் தங்கள் புரதத்தைக் கொட்டினால், தீற்றலின் மேல் மெல்லிய கருங்கோடுகள் எழும்பும். ஆலிகோ என்றால் 'சில'. சில வம்சங்களின் கோடுகள், அதுதான் ஆலிகோகுளோனல் பேண்டு.

கோடு இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அது எங்கே உற்பத்தியானது? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வேலி இருந்தாலும் அது சல்லடை வேலி. ரத்தத்தில் இருப்பதில் கொஞ்சம் நீருக்குள் கசியும். வீட்டுக்குள் புகை வாசனை அடித்தால், அது நம் அடுப்பிலிருந்து வருகிறதா, தெருவில் யாரோ குப்பை கொளுத்தியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வாசலுக்குப் போய்ப் பார்ப்பீர்கள். பேண்டு சோதனையில் வாசலுக்குப் போவது என்பது அதே நாளில் எடுத்த ரத்தத்தையும் பக்கத்து வரிசையில் ஓடவிடுவது. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பல நூறு மடங்கு அதிகம். அதனால் சீரத்தை நீர்க்கச் செய்து, இரண்டு வரிசையிலும் ஒரே அளவு ஐ.ஜி.ஜி. இருக்கும்படி சமன்செய்துதான் ஓட்டுவார்கள். பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால் கோடுகளை எண்ணுவார். ஆமாம், இன்றும் கண்ணால்தான்.

இரண்டு வரிசையிலும் கோடு இல்லையென்றால் டைப் 1, இயல்பு. நீரில் மட்டும் கோடுகள், ரத்தத்தில் இல்லை என்றால் டைப் 2. இதுதான் எம்.எஸ். நோயில் அதிகம் பார்ப்பது. புகை வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. இரண்டிலும் பொதுவாகச் சில கோடுகள், நீரில் மட்டும் கூடுதலாகச் சில என்றால் டைப் 3. அதுவும் பாசிட்டிவ்தான். இரண்டு வரிசையும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தால் டைப் 4. புகை தெருவிலிருந்து வந்தது. டைப் 5 ரத்தப் புரதம் சார்ந்த வேறு கதை, உங்களுக்குத் தேவையில்லை.

ஐ.ஜி.ஜி. இண்டெக்ஸும் இதே கேள்வியை வேறு வழியில் கேட்கிறது. ஆல்புமின் என்ற புரதத்தைக் கல்லீரல்தான் செய்கிறது, மூளை செய்வதில்லை. ஆகவே முதுகு நீரில் இருக்கும் ஆல்புமின் மொத்தமும் ரத்தத்திலிருந்து கசிந்து வந்ததே. ஆல்புமின் எந்த விகிதத்தில் கசிந்ததோ அதற்கு மிஞ்சி ஐ.ஜி.ஜி. இருந்தால், மிஞ்சியது உள்ளேயே உற்பத்தியானது. அந்தக் கணக்கில் 0.7-ஐத் தாண்டினால் சந்தேகம். உங்களுக்கு 0.56. கோடும் கணக்கும் ஒரே பக்கம் பேசுகின்றன.

சீரம் அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்பதை நான் பாடப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு விவசாயிக்கு நான்தான் முதுகு நீர் எடுத்தேன். வயது நாற்பதுக்குள். கண் மங்கி வந்தவர். குப்பியில் பெயர் எழுதி, பஞ்சு சுற்றி, லேப் பையன் கையில் கொடுத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். ரத்தம் எடுக்க மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது: நீரில் ஆறு கோடுகள், சீரம் வரவில்லை, விளக்கம் தர இயலாது. அவரை மறுபடி வரவழைத்து, மறுபடி பக்கவாட்டில் சுருண்டு படுக்க வைத்து, மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. "போன தடவை எடுத்தது பத்தலையா சாமி?" என்று கேட்டார். பத்தவில்லை என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொல்ல அன்று தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, ரத்தக் குப்பி டிரேயில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் முதுகு ஊசியைக் கையில் எடுப்பதில்லை. உங்களுக்கு நீர் எடுத்தவர் இரண்டையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவும் பேச முடிகிறது.

சரி, தெருவில் கொளுத்தியது யார்? டைப் 4 வந்தால் உடம்பு முழுக்க எதிர்ப்புச் சக்தி கொந்தளித்த ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மார்ச் மாதக் காய்ச்சலும் மூட்டு வலியும் என் கண்ணில் நின்றது அதனால்தான். சிக்குன்குன்யா, டெங்கு போன்ற காய்ச்சல்கள் வந்துபோனபின் சில வாரத்தில் தண்டுவடத்தில் அழற்சி வருவது உண்டு. சிக்குன்குன்யாவின் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதம் சில மாதங்கள்வரைகூட ரத்தத்தில் தங்கும். இப்போது பார்த்தாலும் துப்புக் கிடைக்கலாம். இன்னொன்று கேட்கிறேன்: கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறதா? சோற்றை விழுங்க வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா? ஆமாம் என்றால் ஷோகிரன் என்ற நோயைப் பார்க்க வேண்டும். அதுவும் மூட்டையும் தண்டுவடத்தையும் தொடும். ஏ.என்.ஏ., எஸ்.எஸ்.ஏ. என்று இரண்டு ரத்தப் பரிசோதனை. கையோடு பி12-ம் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் கால் மரக்கும், செலவும் அதிகமில்லை.

இவற்றைவிட அவசரமானது வேறு இரண்டு சோதனை, இரண்டும் ரத்தத்தில்தான். அக்குவாபோரின் 4 ஆன்டிபாடி, மாக் (எம்.ஓ.ஜி.) ஆன்டிபாடி. ஆன்டிபாடி என்றால் எதிர்ப்புப் புரதம். எம்.எஸ். மாதிரியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோயை 2004-ல் கண்டறியப்பட்ட ஒரு எதிர்ப்புப் புரதம் தனியாகப் பிரித்துக் காட்டியது. அடுத்த ஆண்டே அது தாக்கும் இடம் அக்குவாபோரின் 4 என்ற புரதம் என்று தெரிந்தது. அந்த நோயில் முதுகு நீரில் மட்டும் தெரியும் கோடுகள் பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. இதை ஏன் அவசரம் என்கிறேன்? எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் என்.எம்.ஓ. நோயை மோசமாக்கிவிடும். எந்த ஊசியைத் தொடங்கச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், இந்த இரண்டு ரிப்போர்ட்டும் கைக்கு வருவதற்கு முன் தொடங்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். செல்களை வைத்துச் செய்யும் முறையில், செல் பேஸ்டு அஸ்ஸே என்று சீட்டில் எழுதச் சொல்லி, செய்யுங்கள். பழைய எலிசா முறையில் தப்பான பாசிட்டிவ் வர வாய்ப்பு அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் செய்கிறார்கள். பெரிய தனியார் லேப்களும் உங்கள் ஊரிலேயே ரத்தம் எடுத்து அனுப்பும்.

மருந்தை உடனே தொடங்கச் சொன்ன டாக்டரைத் தப்பு சொல்ல மாட்டேன். உங்களுக்கு டைப் 2 வந்து, மூளையில் எம்.எஸ். நோய்க்கே உரிய இடங்களில் புள்ளிகளும் இருந்திருந்தால் நானும் அவர் பக்கம்தான். எம்.எஸ். என்று சொல்ல நாங்கள் பயன்படுத்தும் விதிகளுக்கு மெக்டொனால்டு விதிகள் என்று பெயர். 2001-ல் வந்து பலமுறை திருத்தப்பட்டவை. நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தாக்கியிருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் தாக்கியிருக்க வேண்டும் என்பது அதன் பழைய சாரம். 2017 திருத்தத்தில், முதல் தாக்குதலிலேயே இடக் கணக்கு நிறைவாக இருந்து, முதுகு நீரில் தனிக் கோடுகளும் இருந்தால், காலத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். 2024 திருத்தம் இன்னும் தளர்த்தியது. கண் நரம்பையும் ஒரு இடமாகச் சேர்த்தது. கோடுகளுக்குப் பதிலாகக் காப்பா லைட் செயின் என்ற எதிர்ப்புப் புரதத் துண்டின் அளவையும் ஏற்றுக்கொண்டது. இது கண்ணால் எண்ண வேண்டாத, மெஷினே அளந்து தரும் சோதனை. நம் ஊர் லேப்களில் பரவலாக வந்துவிட்டால் எங்கள் தலைவலி பாதி குறையும்.

உங்கள் விஷயத்தில் இடக் கணக்கே இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. தண்டுவடப் புள்ளி ஒரு முதுகெலும்பின் உயரத்துக்குள் அடங்குகிறது, ஓரமாக இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் சொல்கிறது. அது எம்.எஸ். சாயல். என்.எம்.ஓ. என்றால் பொதுவாக மூன்று எலும்பு உயரத்துக்கு நீளும். மூளையின் இரண்டு புள்ளிகளைக் 'குறிப்பற்றவை' என்று எழுதியிருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ஒரு நோயும் இல்லாதவர்களுக்கும்கூட இப்படிப் புள்ளிகள் வரும். அந்த இரண்டில் ஒன்று மூளையின் நீர் அறையை ஒட்டியோ, வெளிப் பட்டையை ஒட்டியோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை ரிப்போர்ட் தாளில் படித்துச் சொல்ல முடியாது, படத்தில் பார்க்க வேண்டும். ஃபிலிமை விட்டுவிட்டு சி.டி.யை எடுத்துக்கொண்டு போங்கள்.

கோடுகளின் கணக்கிலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். டைப் 3-க்கும் டைப் 4-க்கும் நடுவே உள்ள தூரம் சில நேரம் ஒரு மங்கலான கோடுதான். நீர் வரிசையில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ ஏதாவது தெரிகிறதா என்று ஜெல்லை இன்னொரு முறை பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டர் லேபுக்கு ஒரு போன் போட்டால் போதும். நான் அடிக்கடி போடுவேன். லேப்காரர்கள் கோபிக்க மாட்டார்கள், பேசுவதற்கு ஒரு ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷப்படுவார்கள். இதற்காக மறுபடி முதுகில் ஊசி வேண்டாம்.

ஸ்டீராய்டு போட்ட மறுநாள் நீர் எடுத்ததால் ரிப்போர்ட் கெட்டிருக்குமோ என்று அடுத்த கடிதம் வரும், எனக்குத் தெரியும். செல் எண்ணிக்கையும் இண்டெக்ஸும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். கோடுகள் அப்படிச் சுலபமாக அழிவதில்லை. வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் சுபாவம் அவற்றுக்கு. ஆகவே டைப் 4 என்பதை ஸ்டீராய்டின் மேல் பழி போட்டுத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எம்.எஸ். இல்லை என்று ஏன் நான் எழுதவில்லை? எம்.எஸ். இருந்தும் கோடு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வட ஐரோப்பாவில் 100 எம்.எஸ். நோயாளிகளில் 90-க்கு மேற்பட்டவர்களுக்கு நீரில் தனிக் கோடுகள் உண்டு. நம் நாட்டில் வந்த ஆய்வுகளில் அந்த எண்ணிக்கை அதைவிடக் குறைவு. கொஞ்சம் நம் மரபணு, கொஞ்சம் சோதனை செய்த முறை, கொஞ்சம் என்.எம்.ஓ. நோயாளிகளை எம்.எஸ். என்று எண்ணிய அந்தக் காலத்துக் குழப்பம் என்று பல காரணங்கள் சொல்லலாம். மறுபக்கம், கோடு இருப்பவர்கள் எல்லாம் எம்.எஸ். நோயாளிகளும் அல்ல. தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளை அழற்சியிலும், மூளையைத் தொட்ட மேகநோயிலும் (சிபிலிஸ்) டைப் 2 வரும். 1942-ல் எல்வின் கபாட் என்ற அறிவியலாளர் எம்.எஸ். நோயாளிகளின் முதுகு நீரில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத் தொகுதி கூடியிருப்பதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர். அவர் ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு நோயும் அதே மேகநோய்தான். அன்றைக்கே இந்தச் சோதனை ஒரு நோயின் பெயரைச் சொல்லவில்லை. வேலிக்கு உள்ளே எதிர்ப்புச் சக்தி வேலை செய்கிறதா என்று மட்டும் சொன்னது.

ஆகவே உங்கள் நோய்க்கு இப்போதைக்குப் பெயர்: ஒருமுறை வந்த தண்டுவட அழற்சி, காரணம் தேடப்படுகிறது. கேட்க அரைகுறையாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மையான பெயர். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுங்கள். முடிந்தால் அதே சென்டரில், அதே மெஷினில். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மெஷின் மாறியிருந்தால், புதிய புள்ளியா, மெஷினின் வித்தியாசமா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். புதிய புள்ளி வந்தால் இந்தப் பேச்சு முழுக்க மாறும், மருந்தும் உடனே தொடங்கும். அக்குவாபோரின் நெகட்டிவ் வந்து, பிறகு ஏதாவது தொந்தரவு வந்தால் அதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அதுவரை எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்? ஒரு கண் மங்கி, விழியை அசைத்தால் வலித்தால். காலில் பலம் குறைந்தால். சிறுநீர் வந்தும் போக முடியாமல் நின்றால். நாலைந்து நாள் விடாத விக்கலோ வாந்தியோ வந்தால். இந்தக் கடைசியை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி இரைப்பை டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பிவரை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. மூளைத்தண்டில் என்.எம்.ஓ. தொட்டால் இப்படித்தான் வரும். புதிய தொந்தரவு எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைத் தாக்குதலாக எண்ணுவோம். வெயிலில் பள்ளியிலிருந்து வந்ததும் உள்ளங்கால் மரமரப்புக் கூடி, குளித்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்ததும் குறைந்தால் அது புதிய தாக்குதல் இல்லை. சூட்டில் பழைய தழும்பு பேசுகிறது.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையிலோ, நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலோ. அங்கே நரம்புகள் பாயசத்துச் சேமியாபோல நீரில் மிதக்கின்றன, ஊசி வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். எடுத்தது 12 மில்லி என்று போட்டிருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி நீரைச் சுரக்கிறது. நீங்கள் வார்டுக்குத் திரும்பிப் படுத்து அரைமணி, முக்கால்மணிக்குள் போனது திரும்பி வந்திருக்கும். ஊசி போன இடத்தில் ஒரு வாரம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்.

தலைவலிக்குக் காரணம் எடுத்த நீரைவிட, ஊசித் துளை வழியே அதன்பின் கசிந்த நீர். எழுந்தால் வலி, படுத்தால் போய்விடும் என்பதே அதன் அடையாளம். உங்களுக்கு நாலு நாளில் தானாக அடைபட்டுவிட்டது. கூர் முனைக்குப் பதில் பென்சில் முனை ஊசியைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி நன்றாகக் குறைகிறது என்பது நிரூபணமான விஷயம். பல இடங்களில் இன்னும் கூர் முனை ஊசிதான். 'ஆறு மணி நேரம் ஆடாமல் படுங்கள்' என்று எங்கள் வார்டில்கூட சொல்வார்கள். படுப்பதால் தலைவலி வராமல் தடுக்க முடியும் என்று இதுவரை யாரும் காட்டவில்லை. பழக்கம் விடுவதில்லை. மறுபடி அதேபோல் வலி வந்து ஒரு வாரம் தாண்டினால் சொல்லுங்கள். உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, துளை இருக்கும் இடத்துக்கு வெளியே செலுத்தி அடைக்கும் வழி இருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கும் நேரத்தில் வி.இ.பி. என்ற சோதனையைச் செய்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பின்மண்டையில் ஒட்டிய கம்பிகள், சேதி எத்தனை மில்லி செகண்டில் வந்துசேர்கிறது என்று அளக்கும். உங்களுக்கே தெரியாமல் கண் நரம்பு எப்போதாவது பாதிக்கப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். தெரிந்தால் இடக் கணக்கில் ஒரு இடம் கூடும். ஊசி கிடையாது, வலி கிடையாது. முதல் நாள் இரவே சீயக்காய் போட்டுத் தலை குளித்துவிடுங்கள். காலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது.